மழை பெஞ்ச அன்னிக்குப் பாடுனது

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுத உட்காரும்போதும் முதலில் வருவது அந்தக் கோபம்தான்.

ராஜபாளையம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வெளியூர்க் கால்களை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் ஆப்பரேட்டராக இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி. வாரத்துக்கு ஒரு தடவை மெட்ராசுக்கு ஆர்டினரி கால் புக் பண்ணுவார் ஒருவர். எங்களுக்கு அவர் மைக்செட் பாய். ஊருக்கே அப்படித்தான். புக்கிங் சீட்டில் அவர் பேரை நானே எழுதுவேன். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கூப்பிட்ட ஆள் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

மூன்று நிமிஷம் முடிந்ததும் நடுவில் புகுந்து, 'மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?' என்று கேட்க வேண்டும். அதுதான் என் வேலை. ஒரு நாள் அப்படிப் புகுந்தால், லைனில் பேச்சே இல்லை. ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் பக்கத்தில் யாரோ 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருந்தார். பாய் ரிசீவரை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஏழு வருஷம் வீணை கற்றவள். வந்துகொண்டிருந்தது தோடி. டெலிபோன் கம்பியில், கரகரப்புக்கு நடுவில், அந்தக் குரல் காந்தாரத்தில் போய் அசைந்து அசைந்து நின்றது. இறங்குவாள் இறங்குவாள் என்று பார்த்தால் இறங்கவில்லை. நான் மணியைப் பார்த்தபோது ஆறு நிமிஷம் ஓடியிருந்தது.

"பாய், ஆறு நிமிஷம் ஆச்சு" என்றேன்.

"ஏம்மா நடுவுல வந்தீக? இப்பத்தான் கீழ எறங்கி வாராக."

மெட்ராஸ்காரர் எப்போதோ வைத்துவிட்டிருந்தார். நான் அதைச் சொன்னேன். "நீங்க கேட்டீகளா?" என்றார் பாய். கேட்டேன் என்றேன். "அப்ப ஒரு நா கடைக்கு வாங்க, முழுசாக் கேளுங்க" என்றார்.

போனேன். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு நீளக் கடை. வாசலில் குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்த்து அடுக்கியிருக்கும். உள்ளே ஆம்ப்ளிஃபயர், வயர்ச் சுருள், மைக் ஸ்டாண்டுகள். கடைசியில் ஒரு மேஜை மேல் இரண்டு ஸ்பூல் டேப் ரெக்கார்டர்கள், துணி போட்டு மூடி. நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. ஒடிசலான ஆள். என்னை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு முதலில் ஃபேனை நிறுத்தினார். பிறகு தெருக் கதவைச் சாத்தினார். சட்டை நனைந்து ஒட்டுகிற சித்திரை வெயில். "ஃபேன் சத்தம் அவுக குரலுக்கு மேல வந்து உட்காந்துக்கிடும்" என்றார்.

டேப் ஓடும்போது அவர் கண்ணை மூட மாட்டார், தாளம் போட மாட்டார். வலது உள்ளங்கையை ஸ்பீக்கர் பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் பதித்துக்கொள்வார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ராகத்தின் பேர் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. 'மழை பெஞ்ச அன்னிக்குப் பாடுனது', 'தொண்டை கட்டியிருந்தப்பப் பாடுனது', 'வயலின்காரர் லேட்டா வந்த அன்னிக்குப் பாடுனது'. டப்பாக்களின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் அப்படித்தான் எழுதியிருந்தார்.

பாடியவர் செண்பகவல்லி. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். வருஷா வருஷம் ஆடிப்பூரத் திருவிழாவில் ஒரு கச்சேரி செய்வார். மெட்ராசில் பாடியதில்லை. ரேடியோவில் இரண்டு தடவை அரை மணி நேரம் பாடினாராம். அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. திருவிழாவுக்கு மைக்செட் போட்டது பாய். தானாகத்தான், யாரும் சொல்லாமல், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு வயர் இழுத்து ஐந்து வருஷம் அவர் பாட்டைப் பதிந்து வைத்திருந்தார். ஒரு டேப் தீருவதற்குள் இரண்டாவது மெஷினை ஓட விடுவார். அதனால் டேப் மாற்றுகிற இடத்தில் ஒரு மூச்சுகூட விட்டுப் போகவில்லை. நான் கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதற்கு முன்பே டீச்சர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். உலகத்தில் அவர் பாட்டு இருந்த ஒரே இடம் அந்த மேஜைக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி. ஒன்பது டேப்.

அதில் மழை பெய்த அன்று பாடியதை நான் எப்படிச் சொல்ல? தோடியை ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் மழை பிடித்துக்கொண்டது. கூட்டம் எழுந்து மண்டபத்துக்கு ஓடியது. சாரல் அடிக்கவும் வயலின்காரர் வாத்தியத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மிருதங்கக்காரரும் போய்விட்டார். டீச்சர் எழுந்திருக்கவில்லை. தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் பாடினார். பாய் தன் தார்ப்பாயை ஆம்ப்ளிஃபயருக்குப் போர்த்திவிட்டு மழையில் நின்றாராம். டேப்பில் மழையும் அவர் குரலும்தான் கேட்கும். மழை வலுக்கும்போது அவர் குரலை ஏற்றவில்லை. இன்னும் கீழே போனார். எத்தனையோ பெரிய வித்வான்களின் தோடியைக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"இது வெளிய வரணும் பாய்" என்றேன்.

"அதுக்குத்தானே வாரா வாரம் மெட்ராசுக்குப் பேசுதேன்."

அன்றிலிருந்து நானும் சேர்ந்துகொண்டேன். டேப்புகளில் என்னென்ன ராகம், எத்தனை நிமிஷம் என்று பட்டியல் எழுதினேன். கேசட் கம்பெனிகளுக்கு நான் கடிதம் எழுத, அவர் போன் பண்ணுவார். ஏழெட்டு மாசம் கழித்து ஒரு கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். தங்க ஃப்ரேம் கண்ணாடி, நல்ல மனுஷர். ஃபேன் இல்லாமல் வியர்த்து ஒழுக முழுதும் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பிரமாதம் பாய். ஆனா ஒரு கேசட்டுக்கு அறுபது நிமிஷம்தான். இந்த ராகம் மட்டும் அம்பது நிமிஷம் போவுது. அத நாலு நிமிஷமாச் சுருக்கிட்டு, மத்த டேப்புலருந்து நல்ல பாட்டா ஆறு எடுத்துப் போட்டுரலாம். மழை இரைச்சல் இருக்கே, அதையும் குறைச்சிரலாம்."

"மழை அவுக முன்னால வந்து உக்காந்து கேட்டுச்சு சார். அத எந்திரிச்சுப் போன்னு எப்பிடிச் சொல்ல?"

"வாங்குறவன் கேக்கணுமே பாய்?"

"முழுசாப் போடுங்க. ரெண்டு கேசட்டாப் போடுங்க."

"பேர் தெரியாத பாடகிக்கு ரெண்டு கேசட்டு யாரும் போட மாட்டாங்க."

"அப்ப வேண்டாம்" என்றார் பாய். டேப்பைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடிவிட்டார்.

அந்த ஆள் போனதும் நான் கடையிலேயே சத்தம் போட்டேன். "நாலு நிமிஷமாவது வெளிய வரட்டுமே பாய்! அதக் கேட்டு நாளைக்கு முழுசாக் கேக்கணும்னு ஒருத்தர் வருவாங்கள்ல?" அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "இப்பிடியே வச்சிருந்தா ஒங்களோட சேந்து இதுவும் போயிரும்" என்றேன். பிறகு ஒரு பெரிய இசைச் சபை, 'எங்கள் காப்பகத்தில் பத்திரமாக வைக்கிறோம், ஆராய்ச்சியாளர்கள் அனுமதி வாங்கிக் கேட்கலாம்' என்று எழுதியது. "ஸ்ரீவில்லிபுத்தூருல டீச்சர்கிட்டப் படிச்ச பிள்ளைக கேக்கணும்னா?" என்றார். மெட்ராஸ் போய் அனுமதி வாங்க வேண்டும் என்றேன். அதையும் வேண்டாம் என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவருக்கு ஒரே சொல்தான்: முழுசா.

அதனால்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இன்னும் ஒரு தடவை ராகங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, டேப்புகளையும் ஒரு மெஷினையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தார். ஆட்டோவில் தானே ஏற்றி, பெட்டி ஆடாமலிருக்க இரண்டு பக்கமும் சாக்கு வைத்து அனுப்பினார். நான் ஒரு வயர் போட்டு எல்லாவற்றையும் எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னில் கேசட்டாகப் பதிந்தேன். டீச்சரின் தம்பி ஊரிலேயே இருந்தார். சம்மதக் கடிதம் கேட்டதும், "அக்கா பாட்டா? தாராளமாப் போடுங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எனக்கென்று ஒரு நகல்கூட வைத்துக்கொள்ளாமல், கேசட்டுகளையும் கடிதத்தையும் அந்தக் கண்ணாடிக்காரரின் கம்பெனிக்குப் பார்சல் அனுப்பிவிட்டு, பாய்க்கு டேப்புகளைத் திருப்பிக் கொடுத்தேன். கேசட் வந்து, நாலு பேர் பாராட்டினால் அவர் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கேசட் வந்தது. என்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. மார்கழிக்குப் பொருத்தமாக ஏதோ பக்திப் பேர் வைத்து, அட்டையில் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்கள். டீச்சர் பேர் பின் பக்கத்தில், பொடி எழுத்தில், தப்பாக இருந்தது. மழை இல்லை. குரலுக்கு எக்கோ சேர்த்திருந்தார்கள், கிணற்றுக்குள் இருந்து பாடுகிற மாதிரி. நான் எதையும் பாயிடம் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று இரண்டு மாசம் ஓடிவிட்டது.

ஒரு காலை நான் டூட்டி முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பாய் இரண்டு மைக் ஸ்டாண்டுகளோடு ஏறினார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். பஸ் கிளம்பியதும் டிரைவர் கேசட் போட்டார். தோடி.

நான் திரும்பவே இல்லை. பின்னால் ஸ்டாண்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் ஸ்பீக்கர் இருக்கிற இடத்துக்கு நகர்ந்து வருகிறார் என்று தெரிந்தது. குரல் மேலே போகிறது, காந்தாரத்தைத் தொடுகிறது. அங்கே நிற்க வேண்டியது நிற்காமல் படக்கென்று வேறு ஒரு பாட்டு மிருதங்கத்தோடு ஆரம்பித்துவிட்டது.

"யாருய்யா வெட்டுனது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "என்ன பாய், என்ன வெட்டு?" என்று பதறி ஓடி வந்தார். "இத யாரு வெட்டுனது? டிரைவர், அந்த அட்டையக் காமி." டிரைவர் ஒன்றும் புரியாமல் கேசட் அட்டையை எடுத்து நீட்டினார். நல்ல பாட்டு பாய், தினம் இதத்தான் போடுதேன் என்றார். பாய் முன் பக்கம் பார்த்தார். பின் பக்கம் திருப்பி அந்தப் பொடி எழுத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். டேப்பை வாங்கிக்கொண்டு போனது நான் ஒருத்திதானே. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் ஸ்டாண்டுகளோடு இறங்கிவிட்டார்.

மறுநாள் நானே கடைக்குப் போனேன். திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"நாலு பேர் கேக்குறாங்க பாய். டிரைவரே சொன்னாரே" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கேக்கட்டும். ஆனா அவுகள யாருன்னு நெனச்சுக் கேப்பாக? நாலு நிமிசத்துல முடிச்சுட்டு ஓடுத ஆளுன்னுதானே நெனப்பாக? அவுக அப்பிடிப்பட்டவுகளாம்மா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொல்லாதது என்று நினைக்கிறேன்.

டீச்சரின் கடைசிக் கச்சேரி. நடுவில் ஊருக்குப் பெரிய மனுஷர் ஒருவர் மேடைக்கு வந்துவிட்டார். அவர் பேச வேண்டும். விழாக்காரர்கள் பாயைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள், நிறுத்து என்று. டீச்சர் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார். பாய் குமிழைத் திருகி மைக்கை அணைத்துவிட்டார். டீச்சருக்குத் தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. மைக் இல்லாமலேயே பாட்டை முழுதாகப் பாடி முடித்தார். பெரிய மனுஷர் மாலையோடு காத்திருந்தார்.

"பதினோரு நிமிசம். மொத ரெண்டு வரிசைக்கு மட்டுந்தான் கேட்டுச்சு. டேப்புக்கு ஆம்ப்ளிஃபயருலருந்துதானே வயரு. அதுலயும் ஒண்ணும் விழல. நான் அணைச்சது, அந்தப் பதினோரு நிமிசம் இப்ப எங்கயும் இல்ல. மன்னிச்சுக்கிடுங்கன்னு சொல்லப் போனேன். 'நீங்க கேட்டீங்களா பாய்?'னாக. கேட்டேன்னேன். 'அப்பச் சரி'ன்னு சொல்லிட்டுச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டாக. மூணு மாசத்துல மௌத்தாயிட்டாக."

வீட்டுக்கு வந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன்: கேசட்டை நிறுத்துங்கள், நான் அனுப்பியவற்றைத் திருப்பி அனுப்புங்கள் என்று. முதல் தடவை போட்டதோடு தாங்களே நிறுத்திவிட்டதாகவும், கேசட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை என்றும் பதில் வந்தது. அதற்குப் பிறகு பாய் யாரையும் நகல் எடுக்க விடவில்லை. "நகலு இருந்தா வெட்டலாம்" என்றார்.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை மனுஷர். கல்யாண வீடு, காதுகுத்து, புதுமனை என்று எங்கே மைக்செட் போடக் கூப்பிட்டாலும் மூன்று மணி நேரம் முன்னாடியே போய்விடுவார். பந்தல் போடுகிறவர்களும் சமையல்காரர்களும் மட்டும் இருப்பார்கள். டீச்சர் டேப் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை போடுவார். 'ஏன் பாய், சினிமாப் பாட்டு இல்லையா?' என்பார்கள். 'யாரு பாடுறது?' என்று எவராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் தெளிந்திருக்கும். அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு தோட்டத்து விருந்தில் நானே பார்த்தேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்த அம்மாளிடம் டீச்சர் பேரை நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கல்யாணத்தில் இது வினையாகிவிட்டது. தெலுங்கு பேசுகிற குடும்பம், மரியாதையான மனுஷர்கள். மாப்பிள்ளை அழைப்பு நேரத்துக்கு முன்னாடியே வந்துவிட்டது. பெண்ணின் பெரியப்பா ஓடி வந்து, "பாய், ஆபண்டி, ஆபண்டி! நாகஸ்வரம் கேக்க மாட்டேங்குது, நிப்பாட்டுங்க" என்றார்.

"பத்தொம்பது நிமிசம் இருக்கு."

"என்னது?"

"சின்னதா வேணா வச்சுக்கிடுதேன். நிப்பாட்ட மாட்டேன்."

அவர்களே வயரைப் பிடுங்கினார்கள். பாய் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பிறகு ஊரில் வேறு மைக்செட்டைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில் பாதியை டீக்கடைக்காரருக்கு விட்டார். நான் போகும்போதெல்லாம், "இப்படி வெயில்லயும் தூசியிலயும் போட்டுக்கிட்டே இருந்தா டேப்பு தேஞ்சிரும் பாய்" என்பேன். மெஷினின் ஹெட்டில் பழுப்புப் பொடி ஒட்டியிருக்கும். அவர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்துவிட்டு, "கேக்காம வச்சிருந்தா மட்டும் என்ன?" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் மாரடைப்பில் இறந்தார். அப்போது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே மாற்றலாகியிருந்தது. சிடி என்று புதிதாக வந்திருந்த காலம். மெட்ராசில் இரண்டு இளைஞர்கள் யாரும் வெளியிடாத பழைய கச்சேரிகளைத் தேடிப் பிடித்து வெளியிடுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டு எழுதினேன். மழை, தம்புரா, நாற்பது நிமிஷம், எல்லாவற்றையும் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. மற்ற பாட்டுகளையும் சேர்த்து இரண்டு சிடியாக, ஒரு விநாடிகூடக் குறைக்காமல், மழையோடு போடுகிறோம். டேப்பை மட்டும் கொண்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பாயின் மகள் வீட்டுக்குப் போனேன். மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார். தகரப் பெட்டியும் ஒரு மெஷினும் அவளிடம் இருந்தன. என்னை யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"இவுக வெட்ட மாட்டாகளே?"

"மாட்டாங்கம்மா. எழுதியே கொடுத்திருக்காங்க."

"அத்தா இருந்திருந்தா..." என்றவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பெட்டியைத் தொட்டபோது சுட்டது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். சில சுற்று சுற்றாக ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. சிலதில் வெறும் உஸ் என்ற சத்தம். மழை பெய்த அன்று பாடியதை அவள் கடைசியில் போட்டாள். போடுமுன் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். டேப் ஓடியது. கம்பளிக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் கேட்டது. குரல் மேலே போகிற இடமெல்லாம் இருண்டு கிடந்தது. எது மழை, எது டீச்சர், எது தேய்ந்த நாடா என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"செத்த நேரத்துல தெளிஞ்சுரும்க்கா" என்றாள் அவள்.

தெளியவில்லை. ஆனால் அவளும் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. வியர்வை வழிய வழிய, டேப் தீர்ந்து வால் படபடவென்று அடிக்கிறவரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.